குமிழ் நிற்கும் வரை

என்னங்க,

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். டீயை மட்டும் சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

காரை எடுக்க வேண்டாம். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தியிருக்கிறேன். ஸ்டியரிங் கனமாக இருக்கிறது என்று நான் சொன்னபோது, "உனக்குத்தான் கையில தெம்பில்ல" என்றீர்கள். நேற்று நீங்களே திருப்ப முடியாமல் கேட் தூணில் இடித்தீர்கள். நான் சிரித்துவிட்டேன். அப்போது தூக்கி வைத்த முகத்தை நீங்கள் இன்னும் இறக்கவில்லை.

பவர் ஸ்டியரிங் ஆயில் ஒழுகியதால் வந்த வினை அது. ஹோஸ் குழாயை இறுக்கும் கிளாம்பை மாற்றி, புது ஆயில் ஊற்றிவிட்டேன். ஆனால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. அது குமிழ் குமிழாக வெளியே வர, எஞ்சினைப் போடாமல் ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்ப வேண்டும்.

விடியும்போது தனியாக உட்கார்ந்து திருப்பிப் பார்த்தேன். சக்கரம் தரையில் படாததால் மிதப்பது போலிருந்தது. எதிர் ஜன்னலில் நீங்கள் தூங்குவது தெரிந்தது. நான் திருப்பத் திருப்ப, வீடே ஒரு நீண்ட வளைவில் கூடவே திரும்பியது. நீங்களும் போர்வையோடு வந்துகொண்டிருந்தீர்கள்.

சீட்டிலிருந்து பார்த்தால் ஆயில் டப்பாவில் வரும் குமிழ் தெரியவில்லை. சாயங்காலம் நான் திருப்புகிறேன், நீங்கள் முன்னால் நின்று டப்பாவைப் பாருங்கள். பேச வேண்டாம்.

சாவி என் பையில். உங்களுக்குக் கை சும்மா இருக்காது.

இன்னொன்று. குமிழ் நின்றதும் "போதும்" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். தூக்கிய பானெட் மறைக்கும், தலையாட்டினால் எனக்குத் தெரியாது.