மாலைக்காக வேஷம் கலைத்த விமானிக்கு

அண்ணே, உங்கள் படம் அகப்பட்டுவிட்டது, மூன்றில் ஒன்றுதான், ஆனால் முழுசாக, ஒன்பது தகர டப்பாவில், வரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம் காரைக்குடிக் கொட்டகையிலேயே ஓடப்போகிறது.

தேவகோட்டையில் டூரிங் கொட்டகை நடத்தியவர் தொழிலை விட்டுவிட்டு, பெஞ்சு, திரை எல்லாவற்றையும் விற்றுக்கொண்டிருந்தார். பழைய நோட்டீஸ் ஏதாவது கிடைக்குமா என்று சைக்கிளை மிதித்துப் போனேன். மூலையில் அந்த டப்பாக்கள் கிடந்தன. ஒன்றின் மூடியை நெம்பியதும் கற்பூர வாசனை குப்பென்று வந்தது. பிலிமுக்குள் கற்பூரம் சேர்ப்பார்களாம். "தள்ளி வச்சுப் பாருங்க தம்பி, பீடி கீடி பத்த வச்சுராதீக" என்றார் அவர். சுருளின் முனையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். கட்டைவிரல் நகம் அளவுக்கு நீங்கள் நின்றீர்கள், கிரீடம் வைத்துக்கொண்டு. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அது நீங்கள் கந்தர்வனாக வந்த படம். அந்த ஒரு படத்தையே நான் பதினொரு தடவை பார்த்திருக்கிறேன். அட்டையில் செய்த தேரில் உங்களை உட்காரவைத்து, கயிறு கட்டி மேலே இழுப்பார்கள். கொட்டகையில் எல்லோரும் கயிற்றைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் உங்கள் கையைப் பார்ப்பேன். வலது கை முழங்காலுக்கு நடுவில் இல்லாத ஏதோ ஒரு தடியைப் பிடித்துக்கொண்டிருக்கும். தேர் சாய்கிற பக்கத்துக்கு எதிராக அந்தக் கை மெல்ல நகரும். கால்கள் இரண்டும் மாறி மாறி எதையோ அழுத்தும். தேர் ஓட்டுகிறவன் கடிவாளத்தைத்தானே பிடிக்க வேண்டும்? இவர் எதைப் பிடித்திருக்கிறார் என்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அந்தக் கை ஒருநாள் நான் வேலை பார்த்த அச்சாபீசுக்குள் வந்தது. உங்கள் தங்கை உமையாளின் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தீர்கள். எனக்கு அப்போது இருபது வயது. பள்ளிக்கூடம் போகாதவன், ஈய எழுத்துகளைப் பொறுக்கிப் பொறுக்கியே படிக்கக் கற்றவன். நீங்கள் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தீர்கள், மீசை இல்லை. ஆனாலும் காகிதத்தைப் பிடித்த விதத்தில் ஆள் தெரிந்துவிட்டது.

"முதலாளி, அந்தத் தேர்ல எதைப் புடிச்சிருந்தீக?"

"முதலாளி உள்ள இருக்காரு. என்னை அண்ணேன்னு கூப்பிடு" என்றீர்கள். பிறகு குரலைத் தணித்து, "ஏரோப்பிளான்ல அப்படி ஒரு தடி இருக்கும். எனக்குத் தேரு ஓட்டத் தெரியாதுடா. தெரிஞ்சதை ஓட்டுனேன்."

புரூப் பார்க்க வந்த காலைப்பொழுதுகளில் மீதியைச் சொன்னீர்கள். பாரிஸ்டர் படிப்புக்குச் சீமைக்குப் போனதும், யுத்தம் வந்ததும், பறக்கும் படையில் சேர்ந்ததும். நான் குண்டு, துப்பாக்கி என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். நீங்கள் விளக்கெண்ணெயைப் பற்றிச் சொல்வீர்கள். அந்த எஞ்சினுக்கு விளக்கெண்ணெய்தானாம். பறக்கும்போது அது புகையாகி மூஞ்சியில் அடித்து, மூக்கிலும் வாயிலும் போய், இறங்கியதும் எல்லோரும் செம்பைத் தேடி ஓடுவார்களாம்.

"சின்னப் பிள்ளையில அப்பச்சி கையைக் கட்டிப்போட்டு ஊத்துனாக. அதுக்குப் பயந்து சீமைக்கு ஓடுனா, அங்கயும் விளக்கெண்ணெய்தான்."

நான் சிரித்துச் சிரித்து எழுத்துத் தட்டைக் கவிழ்த்தேன். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு, "எங்கூடச் சாப்பிட்டவுக நாலு பேரு. ரெண்டு பேரு திரும்பி வரல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புரூப்பை எடுத்துக்கொண்டீர்கள்.

நீங்கள் நடிப்பது ஊரில் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் படத்தில் வேறு பெயர் போட்டுக்கொண்டீர்கள். மெட்ராஸில் ஏதோ வியாபாரம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள், கேட்டவர்களும் தலையாட்டிக்கொண்டார்கள். அந்த மரியாதை எனக்குப் புரியவில்லை. இப்பேர்ப்பட்ட ஆளை ஏன் ஒளித்து வைக்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அந்த வாரமே உங்கள் மூன்றாவது படத்துக்கு நோட்டீஸ் அடிக்கச் சொல்லிக் கொட்டகைக்காரர் வந்தார். கல்யாணப் பத்திரிகைக்குக் கோத்த எழுத்து இன்னும் பிரிக்காமல் கிடந்தது. அதில் உங்கள் வீட்டு விலாசம், பெயருக்கு முன்னால் போடுகிற குடும்ப எழுத்துகள், இருந்தது. அதை அப்படியே தூக்கி நோட்டீஸின் தலையில் வைத்தேன். கீழே பெரிய மரக்கட்டை எழுத்தில், "இவ்வீட்டுப் பிள்ளை, சீமையில் யுத்த விமானம் ஓட்டிய நம்மூர் வீரர்" என்று நானாக ஒரு வரி சேர்த்தேன். யாரும் கேட்கவில்லை. மஞ்சள் காகிதத்தில், மாட்டுவண்டியில், கொட்டடித்துக்கொண்டு ஊரெங்கும் வீசினார்கள். நானும் வண்டிக்குப் பின்னால் ஓடினேன்.

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருந்தது. கோயிலில் மாலை வாங்கப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். உங்களவர்களுக்குக் கோயிலிலிருந்து மாலை வராமல் கல்யாணம் இல்லை, நடந்தாலும் அது கணக்கில் இல்லை. பேச்சாக இருந்தவரை கோயில் பெரியவர்கள் காதில் விழாத மாதிரி இருந்துகொள்ள முடிந்தது. விலாசத்தோடு அச்சில் வந்த பிறகு எப்படி முடியும்?

அந்த மஞ்சள் காகிதத்தோடு நீங்கள் அச்சாபீஸ் வாசலில் நின்றீர்கள்.

"இதக் கோத்தது நீதானா?"

"நான்தாண்ணே."

"உமையாளுக்கு மாலை தர மாட்டேன்னுட்டாக."

நானே வந்து சொல்கிறேன், வேறு ஆளுக்குப் போட வேண்டியதைத் தப்பாக அடித்துவிட்டேன் என்று எந்தச் சாமி முன்னாலும் சத்தியம் பண்ணுகிறேன் என்றேன். "வா" என்று மட்டும் சொன்னீர்கள்.

கோயில் மண்டபத்தில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் உங்களுக்குப் பங்காளி முறை. அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"கப்பல் ஏறிப் போனீக, சரி. சண்டைக்குப் போனீக, அதுக்கும் ஒண்ணும் சொல்லல. வேஷம் கட்டுறது நமக்கு ஆகுமா? இது நீங்க இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே மாலையக் குடுத்து அனுப்புறோம்."

நான் வாயைத் திறந்தேன். நீங்கள் என் தோளைப் பிடித்து அழுத்தினீர்கள்.

"நான்தான். பறந்ததும் நான்தான், நடிச்சதும் நான்தான். இல்லைன்னு சொல்ல வாய் வரல. இனிமே நடிக்கல. அது போதுமா?"

"வாக்கா?"

"வாக்குத்தான்."

திரும்பி வரும்போது நான் அழுதுகொண்டே நடந்தேன். நீங்கள் என்னைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. வெகுதூரம் வந்த பிறகு, "நீ பொய் ஒண்ணும் போடலியேடா" என்றீர்கள். அதை நினைத்துக்கொண்டுதான் இன்றைக்கும் எழுத்துக் கோக்கிறேன். அது மன்னிப்பா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

மாலை வந்தது, கல்யாணம் நடந்தது. நீங்கள் உங்கள் குடும்பத்தின் ரங்கூன் கடைக்குப் போய்விட்டீர்கள். டாக்கி வந்து, பாடத் தெரிந்தவர்களெல்லாம் நடிகர்கள் ஆனார்கள். உங்களை எல்லோரும் மறந்தார்கள். போன வருஷம் காய்ச்சலில் நீங்கள் போய்விட்டதாகத் தந்தி வந்ததை, ரொம்ப நாள் கழித்துத்தான் நான் கேள்விப்பட்டேன்.

டப்பாக்களோடு முந்தாநாள் உமையாள் ஆச்சியிடம் போனேன். நோட்டீஸ் அடித்தவன் நான்தான் என்பதை முதலில் சொல்லிவிட்டேன். பத்து வருஷமாகச் சொல்லாமல் இருந்தது.

ஆச்சி ஒரு டப்பாவின் மேல் கையை வைத்தார்கள். பிறகு, "மாலைக்காகத்தான் நிறுத்துனாகன்னு தெரியும். எதை நிறுத்துனாகன்னு தெரியாது. அண்ணன் நடிச்சு நான் பாத்ததே இல்ல" என்றார்கள்.

"வெள்ளிக்கிழமை ஓட்டுறோம் ஆச்சி. பின்பக்கமாக் கூட்டிட்டுப் போயிர்றேன், யாரும் பாக்க மாட்டாக."

"எதுக்குப் பின்பக்கம்? வாசல் வழியாவே வாரேன். என்ன செஞ்சுருவாக? அன்னிக்குக் குடுத்த மாலையத் திருப்பிக் கேப்பாகளா?" என்றவர்கள், டப்பாக்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு படம் இருந்துச்சுல்ல, அதெங்கே?" என்றார்கள்.

அந்த இரண்டும் இல்லை அண்ணே. நான் விசாரித்துவிட்டேன். ஒன்று எரிந்துபோனது, இன்னொன்று எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவதை நானே பார்க்கவில்லை. நோட்டீஸ் படுத்திய பாட்டில் கொட்டகைப் பக்கம் போக எனக்கு முகம் இல்லை.

அதனால் இனி உங்களிடம் இல்லை, இந்தக் கடிதம் வரும் கையெழுத்துப் பத்திரிகையைக் கைமாற்றிப் படிக்கிற நண்பர்களிடம் பேசுகிறேன். படித்ததும் மடித்து வைத்துவிடாதீர்கள். சாக்கோட்டைக்கும் நெற்குப்பைக்கும் அனுப்பிவிடுங்கள். அந்த இரண்டு படத்தில் ஏதாவது ஒன்றைப் பார்த்தவர் உங்கள் வீட்டில், தெருவில் யாராவது இருந்தால், வெள்ளிக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கதை முழுக்க ஞாபகம் இருக்க வேண்டாம். எப்படி நடந்து வந்தார், எந்த இடத்தில் சிரித்தார், அதுபோதும். ஆச்சி முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, பார்த்ததைச் சொல்லுங்கள்.