முன் இருக்கையில் வரும் மிருதங்கம்

பாதர்,

இன்று உயிர்த்த ஞாயிறு. காலையில் சமையலறையில் நின்று ரவை குழைத்தேன், மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில் அப்புவதற்கு. ஈர ரவையின் மணம் எழுந்ததும் நீங்கள் வந்துவிட்டீர்கள். "ஆராதனை முடிய அதைச் சுரண்டி எறியாதேங்கோ தம்பி, உப்புமா கிண்டலாம்." பன்னிரண்டு வருடமும் அதே பகிடி. ஒவ்வொரு முறையும் நான் சிரித்தேன். ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

மல்வேர்னில் இருந்த உங்கள் சின்ன அங்கிலிக்கன் தேவாலயத்துக்கு நான் முதலில் வந்தது ஒரு சிநேகிதரின் மகளின் கலியாணத்துக்கு வாசிக்க. முடிந்ததும் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தீர்கள். "இந்த விரலுகள் ஞாயிற்றுக்கிழமையில என்ன செய்யுது?"

"பஸ் ஓட்டுது, பாதர்."

"அப்ப லீவு கேளுங்கோ."

என்ன சமயம் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கத் தேவையுமில்லை, நெற்றி நிறையத் திருநீறு.

கேட்டவர் ஆலயக் குழுவில் இருந்த ஒரு அண்ணை. நான் பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. "சைவக்காரர் பீடத்துக்குப் பக்கத்தில இருந்து வாசிக்கிறது சரியோ, பாதர்? ஞானஸ்நானம் எடுத்த ஒருத்தரைப் பிடிக்கேலாதோ?"

"மிருதங்கத்துக்கு வேணுமெண்டா ஞானஸ்நானம் குடுப்பம்," என்றீர்கள். "ஆனா தோல் நனைஞ்சா சுருதி போயிடும் அண்ணை."

அவர் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு என் பாய் பீடத்துக்கு இன்னும் ஒரு முழம் கிட்ட விரித்திருந்தது. விரித்தது யார் என்று நான் கேட்கவில்லை.

உங்களைப் பற்றி யாரிடம் பேசினாலும் நான் முதலில் சொல்வது ஒரு உயிர்த்த ஞாயிறின் கதை. முந்தின நாள் ஸ்ரௌவ்வில்லில் ஒரு அரங்கேற்றத்துக்கு வாசித்துவிட்டு, மிருதங்கத்தைக் காரின் ட்ரங்கிலேயே மறந்துவிட்டேன். பங்குனி முடிந்தும் பனி விடாத ஊர். விடியத் தூக்கினால் தோல் விறைத்துக் கிடந்தது, தேவாலயத்து ஓகன் வாத்தியத்தோடு சுருதி சேரவே சேராது. பின் அறையில் கல்லும் கட்டையுமாக விளிம்பைத் தட்டிக்கொண்டு, அவமானத்தில் வியர்த்துப்போய் இருந்தேன். கதவு இடுக்கால் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு நீங்கள் பிரசங்கம் செய்யப் போனீர்கள். இருபது நிமிடத்துக்கு மேல் பிரசங்கம் போனால் ஆத்துமா ஈடேறாது, இடுப்புத்தான் நோகும் என்பது உங்கள் கொள்கை. அன்று நாற்பது நிமிடம் பேசினீர்கள். சனம் நெளிந்தது. நான் சுருதி சேர்த்துக்கொண்டு வந்து பாயில் இருந்ததும், பாதி வசனத்தில் "ஆமென்" என்று முடித்தீர்கள். பிறகு காதோடு சொன்னீர்கள்: "உமக்காக என்ர கொள்கையையே வித்துப்போட்டன்."

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் குரலில் அதே குறும்பு. "என்ர செத்தவீட்டில ஓகனோட நீரும் வாசிக்கோணும். அழுதுகொண்டு வாசியாதேயும், தாளம் ஓடும்."

"ஓம் பாதர்," என்றேன். சொல்லிவிட்டுக் காருக்குள் வந்து இருந்தபோதுதான் பயம் வந்தது. மிருதங்கம் மங்கல வாத்தியம். எங்கள் ஆட்கள் யாரும் அதைச் செத்தவீட்டுப் பக்கம் கொண்டுபோவதில்லை. என் குருநாதர் இருந்திருந்தால் என் முகத்தில் விழித்திருக்க மாட்டார். கொண்டுபோனால் பிறகு நல்ல காரியங்களுக்கு என்னைக் கூப்பிடுவார்களா? கொண்டுபோகாவிட்டால் அந்த 'ஓம்' பொய்.

நீங்கள் போன செய்தி வந்தது. இரண்டு நாள் வாத்தியத்தைத் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அடக்கம். அன்று காலை மனைவி ஒரு கிண்ணத்தை முன்னால் வைத்தாள். உள்ளே குழைத்த ரவை.

"என்ர அப்பாவின்ர செத்தவீட்டில எங்கட ஆக்களே தேவாரத்துக்கு வாய் திறக்கேல்லை. அந்த மனுசன் அங்கியோட வந்து நிண்டு தாளம் போட்டவர். கொண்டுபோங்கோ."

அன்று நல்ல பனி. தேவாலய வாசலில் காரை நிறுத்தியபோது அந்த ஆலயக் குழு அண்ணை நின்றார். ட்ரங்கைத் திறந்து, தன் குளிர் ஜாக்கெற்றைக் கழற்றி மிருதங்கத்தைச் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டார். வெறும் சேட்டோடு பனிக்குள் நடந்தவர் திரும்பிச் சொன்னார்: "குளிர்ந்தா சுருதி போயிடுமெல்லே, தம்பி."

வாசித்தேன் பாதர். நீங்கள் தெரிந்தெடுத்து வைத்த கீர்த்தனை, நல்ல துள்ளல் நடை. அழவும் அழுதேன். தாளம் ஓடவில்லை. அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து வாசித்ததைவிடப் பெரிய மேடை எனக்கு வாய்த்ததில்லை. என்னை நல்ல காரியங்களுக்குக் கூப்பிடாமல் விட்டவர்களும் உண்டு. விடட்டும்.

இப்போதெல்லாம் மிருதங்கம் முன் இருக்கையில்தான் வரும், பெல்ட் போட்டு, ஹீற்றரும் அதன் பக்கம் திருப்பி. மனைவி முணுமுணுக்காமல் பின்னால் ஏறிக்கொள்வாள். இன்று அவள் மடியில் ஒரு பாத்திரமும் இருந்தது. குழு அண்ணைக்காம். திறந்து பார்த்தேன், உப்புமா.