கால்வாய்க் கரைப் பாதை

1954 ஆவணி 12, சனி

நாகர்கோவிலில் சைக்கிளுக்கென்று கால்வாய்க் கரையில் தனிப்பாதை போடப் போகிறார்களாம். அது வந்துவிட்டால் பெரிய ரோட்டில் சைக்கிள் ஓட்டக்கூடாது. மீறினால் சைக்கிளையே பிடுங்கிக்கொள்வார்களாம். இன்று மாலை நகராட்சி அலுவலகத்தில் சைக்கிள்காரர்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். போனவர்களில் நான் ஒருத்திதான் பெண்.

இராஜாக்கமங்கலத்திலிருந்து மீன் கொண்டுவரும் அந்தோணி எழுந்தார். "வீடெல்லாம் ரோட்டுலல்லா இருக்கு. கரையில போனா எனக்க மீன யாரு வாங்குவா, தவளையா?" எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பாதை வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். போன வாரம் ஒரு பிரசவம் பார்க்கப் போகும் வழியில் பஸ் என்னை ஓடைக்குள் தள்ளிவிட்டது. முழங்கை இன்னும் வலிக்கிறது. அந்தோணியைப் பார்க்காமல் கையைத் தூக்கினேன். பாதை வேண்டும் என்றவர்களே அதிகம்.

வெளியே வந்தால், என் சைக்கிள் பக்கத்தில் அவர் நிற்கிறார். "கோவமா அண்ணே?" என்றேன்.

"கோவம் எதுக்கு நர்சம்மா? நீங்க பஸ்ஸில அடிபட்டுக் கிடந்தா எங்க பிள்ளியள யாரு எடுப்பா? நீங்க கரையில போங்க. நான் ரோட்டுலதான் போவேன்."

அவருடைய சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டால் மீனை எதில் கொண்டுவருவார் என்று நினைத்துக்கொண்டே என் சைக்கிளில் ஏறினேன்.