நாகசாகி ஐந்து

நாகசாகி
ஜூலை 3

அன்புள்ள யுகாரிக்கு,

முதலில் ஒரு திருத்தம். நான் காரை மனமுவந்து ஒப்படைக்கவில்லை. ஒப்படைக்கவே இல்லை. பழைய கார் பத்திரிகையின் இந்த மாத இதழில், ஒதாரு ஊரில் நடந்த பழைய கார்க் கண்காட்சியில் எடுத்த உன் படத்துக்குக் கீழே, “எண்பத்திரண்டு வயதுத் தாய் இனி ஓட்ட முடியாததால் மனமுவந்து மகளிடம் ஒப்படைத்த ஹினோ கொந்தெஸ்ஸா, 1965” என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு இந்த மேட்டுத் தெரு முழுக்க என்னைப் பாராட்டுகிறது. மீன் கடை உராதா நேற்று படியேறி வந்து, “நல்ல காரியம் பண்ணீங்க அக்கா, இந்த வயசுல பிடிவாதத்த விடறதுக்கும் ஒரு மனசு வேணும்” என்றாள். எனக்கு எண்பத்தொன்றுதான் ஆகிறது. லைசென்ஸ் என் கைப்பையில் இருக்கிறது. போன வாரம் பார்வைச் சோதனையிலும் தேறிவிட்டேன். அவளிடம் இதையெல்லாம் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன்.

மற்றபடி நான் சுகம். வலது கண் நன்றாக ஆறிவிட்டது, ஊசியில் நூல் கோக்கிறேன், பத்திரிகையின் பொடி எழுத்தையும் படிக்கிறேன், அதனால்தான் இந்தக் கடிதமே. நீயும் மாப்பிள்ளை ஷுன்சாகுவும் அங்கே சப்போரோவில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை விடுகிற பாடாக இல்லை, கல்படியெல்லாம் பாசி. காலியாகக் கிடக்கும் ஷெட்டில் உராதாவின் பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது. மோகியிலிருந்து பீவாப் பழம் வந்தது, வருடா வருடம் உனக்கு ஒரு பெட்டி அனுப்புவேன், இந்த வருடம் அனுப்பவில்லை. மறந்துபோனதால் அல்ல.

பத்திரிகையைக் கொண்டுவந்தவர் மெக்கானிக் இதெகுசி. நனையாமல் இருக்க எண்ணெய்த் துணியில் சுற்றி எடுத்து வந்தவர், வாசலிலேயே நின்றுகொண்டு உள்ளே வர மறுத்தார். “கண்ணாடியப் போட்டுட்டுப் பாருங்கம்மா. நம்ம வண்டிதான், ஆனா பேர மாத்திக்கிட்டு நிக்குது” என்றார். பார்த்தேன். நீ கையை மேற்கூரையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாய். முன்னால் நாகசாகி 5 இருந்த இடத்தில், பளபளவென்று சப்போரோ என்றும் மூன்று இலக்கமும் எழுதிய புது நம்பர் பிளேட். இதெகுசி ஐம்பது வருடமாக அந்த வண்டியைத் தொட்டவர், அன்று தேநீர்கூடக் குடிக்காமல் படியிறங்கிப் போனார்.

“புதுசு நல்லாத்தானே இருக்கு, பழசு துருப்பிடிச்ச தகரம்தானே அக்கா?” என்று உராதா கேட்டாள். அவளுக்கு நான் சொன்ன பதிலை நீ இரண்டாம் வகுப்பிலேயே உன் டீச்சருக்குச் சொல்லியிருக்கிறாய். 1965-இல் வண்டி வாங்கிய அன்று கொடுத்த எண் அது. அந்த ஒற்றை இலக்க எண்ணை அரசாங்கம் நிறுத்திப் பல வருடமாகிறது. வண்டி இதே வட்டாரத்தில் பதிவாகி இருக்கும்வரைதான் அதற்கு உயிர். அப்பா போன பிறகு என் பெயருக்கு மாற்றியபோதும் ஊர் மாறாததால் எண் மாறாமல் நின்றது. வேறு ஊரில் ஒருமுறை பதிந்துவிட்டால் முடிந்தது, நாளைக்கே திரும்பக் கொண்டுவந்து இங்கே பதிந்தாலும் மூன்று இலக்கம்தான். நீ இது தெரியாமல் செய்திருந்தால் எனக்கு வருத்தம் மட்டும்தான் இருக்கும். உனக்குத் தெரியும்.

மார்ச்சில் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், எங்காவது தப்பிருந்தால் நீ திருத்து. கண்ணில் கட்டோடு நான் படுத்திருந்தேன். நீ வந்து பத்து நாள் இருந்து கஞ்சி வைத்துக் கொடுத்தாய், அதை நான் மறக்கவில்லை. “ரெண்டு மாசம் சும்மா நின்னா பிரேக் இறுகிடும்மா, நான் கப்பல்ல ஏத்தி எடுத்துட்டுப் போறேன், அங்கேயே சோதனைய முடிச்சிட்டு செப்டம்பர்ல கொண்டுவந்து விடறேன்” என்றாய். சரி என்றேன். மறுநாள், கையெழுத்துக்குப் பதிலாக நான் வைக்கும் பதிவு முத்திரையையும் அதன் சான்றிதழையும் கேட்டாய். வண்டிச் சோதனைக்கு முத்திரை எதற்கு என்று நான் கேட்டேன், கேட்கத்தான் செய்தேன். “ஊர் விட்டு ஊர் போனா கேக்கறாங்கம்மா, இப்பல்லாம் அப்படித்தான்” என்றாய். காகிதத்தில் இடத்தை நீ விரலால் காட்டினாய், நான் முத்திரையை அழுத்தினேன். வண்டியை உன் பெயருக்கு மாற்றும் காகிதம் அது என்று இப்போதுதான் புரிகிறது. படிக்காத எதிலும் பெயர் போடாதே என்று பள்ளியில் சிஸ்டர் அக்னெஸ் எங்கள் விரலில் ஸ்கேலால் தட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். வாழ்நாளில் படிக்காமல் முத்திரை போட்ட காகிதம் அது ஒன்றுதான், நீ நீட்டியதால் போட்டேன். போன செவ்வாய்க்கிழமை நகராட்சிக்குப் போய் அந்த முத்திரையை ரத்து செய்து வேறொன்றைப் பதிந்துவிட்டேன். கவுன்டரில் இருந்த பெண், “தொலைஞ்சிடுச்சாம்மா?” என்றாள். ஆமாம் என்றேன்.

அப்பாவுக்கு ஃபுகுவோகாவுக்கு மாற்றல் வந்தபோது உனக்கு எட்டு வயது. உன் பள்ளிக்காக நாம் இங்கேயே தங்கினோம் என்று சொந்தக்காரர்களுக்குச் சொன்னோம். உண்மைக் காரணம் நம் மூன்று பேருக்கும் தெரியும். குடும்பத்தோடு போனால் வண்டியையும் அங்கே பதிய வேண்டும். முகவரியை மறைத்துப் பழைய எண்ணிலேயே ஓட்டியவர்கள் உண்டு, அப்பாவும் நானும் அப்படிப்பட்டவர்கள் இல்லை. ஆறு வருடம் அவர் வாடகை அறையில் தனியாகச் சோறு பொங்கிச் சாப்பிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் நாம் ரயிலடிக்குப் போய் அழைத்து வருவோம். எஞ்சின் பின்னால் இருக்கிற வண்டி, அதன் குரலை முதுகால்தான் கேட்க வேண்டும் என்று உனக்குச் சொன்னது நான்தான். ஒன்பது வயதில் சாய்ந்து உட்கார்ந்தபடியே “மூணாவது தும்முதும்மா” என்றாய். இதெகுசி கழற்றிப் பார்த்தார், மூன்றாவது பிளக்தான் கரி பிடித்திருந்தது. “இந்தப் பொண்ணுக்கு முதுகுல காது” என்று ஊரெல்லாம் சொன்னார். அன்றைக்கு எனக்கிருந்த பெருமையை நான் யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை. இந்த வண்டி யாருக்கு என்று அன்றே தீர்மானித்துவிட்டேன். நான் போன பிறகு அதே எண்ணோடு உனக்கு வர வழி பார்க்கத்தான் போன வருடம் இதெகுசியோடு போக்குவரத்து அலுவலகத்துக்கு இரண்டு முறை அலைந்தேன்.

நீ ஏன் செய்தாய் என்று யோசித்துப் பார்க்காமல் இல்லை. அப்பா போனதிலிருந்து சப்போரோவுக்கு வந்துவிடு என்கிறாய், நான் ஒவ்வொரு முறையும் வண்டியின் எண்ணைக் காரணம் காட்டினேன். அந்தக் காரணத்தை எடுத்துவிட்டால் கிழவி வந்துவிடுவாள் என்று நினைத்திருப்பாய். இந்தப் படிகளில் நான் விழுந்து கிடப்பேனோ என்ற பயம் உனக்கு இருக்கலாம், அந்தப் பயத்தை நான் குறைசொல்லவில்லை. ஆனால் நீ கேட்டாய், நான் முடியாது என்றேன், முடியாது என்பதும் ஒரு பதில்தான். அதற்குப் பிறகு என் கண்ணில் கட்டு இருக்கும் நேரம் பார்த்து வேறு வழி தேடியிருக்கிறாய். நான் இங்கேதான் இருப்பேன். இந்த ஆகஸ்டில் இறந்தவர்களுக்கான திருநாளன்று அப்பாவின் கல்லறைக்கு டிராமில் போவேன், நம் ஊர் வழக்கப்படி அங்கே கொளுத்தும் பட்டாசையும் விளக்கையும் உராதா தூக்கி வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

வண்டியைத் திருப்பிக் கொண்டுவர வேண்டாம். இங்கே வந்தாலும் அது நாகசாகி 5 ஆகாது. ஆனால் அங்கே அக்டோபர் முடிந்ததும் வெளியே எடுக்காதே, பனிக்காக ரோட்டில் கொட்டும் உப்பு அடித்தகட்டைத் தின்றுவிடும். குளிரில் சோக்கை முழுக்க இழுத்துவிட்டு உடனே ஆக்சிலரேட்டரை மிதிக்காதே, முப்பது எண்ணு. மாப்பிள்ளையிடம் ஓட்டக் கொடுத்தால் இரண்டாம் கியரில் அவசரப்படக் கூடாது என்று சொல். நீயும் கழுத்தை மூடிக்கொண்டு போ, உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது. இருவரும் நோயின்றி இருங்கள். இதைக் கோபத்தில் எழுதவில்லை, மனதாரத்தான் எழுதுகிறேன்.

ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். பழைய நம்பர் பிளேட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, நினைவுக்கு வேண்டும் என்று கேட்டால் நடுவில் ஒரு துளை போட்டு நம்மிடமே தந்துவிடுவார்கள். வாய் திறந்து கேட்டால்தான் தருவார்கள், கேட்காவிட்டால் நசுக்கிப் போட்டுவிடுவார்கள். அந்தக் கவுன்டரில் நின்றபோது நீ கேட்டாயா? நாகசாகி 5 உன் வீட்டில் இருக்கிறதா, இல்லையா? டெலிபோனில் சொல்ல வேண்டாம், உன் குரலைக் கேட்டால் நான் எதையாவது நம்பிவிடுவேன். உன் கையால் எழுதி அனுப்பு.

அம்மா,
மினேகோ