ஏறினால் ஆண், இறங்கினால் பெண்

மார்ச் 4

இன்று நான் சொல்லாதது: "எனக்கு நோய் வந்ததுக்கா அத்தை இப்படிச் சிரிக்கிறீங்க?"

வயிற்றில் இரட்டை என்று தெரிந்த அன்றுகூட இந்த வீடு இவ்வளவு குதூகலப்படவில்லை. கர்ப்பகாலச் சர்க்கரை என்று இன்று முடிவு வந்ததும் மாமியார் சமையலறையிலிருந்து ஓடி வந்தார். "மூத்தவளைச் சுமந்தப்போ எனக்கு ஒரு துளி ஏறலை. இவனைச் சுமந்தப்போதான் ஏறிச்சு. உனக்கு இவ்வளவு ஏறியிருக்குன்னா ரெண்டும் பையன்தான்!"

'இவன்' என் கணவர். வாயெல்லாம் பல்.

அன்று எட்டிப் பார்த்த சர்க்கரை பின்னாளில் அத்தையிடமே குடியேறிவிட்டது. தினமும் மாத்திரை. அதையும் ஒரு பதக்கம் போலத்தான் சொல்கிறார்.

மார்ச் 7

டாக்டரிடம் கேட்டேவிட்டேன். "நிறைய பேரைச் சேர்த்துப் பார்த்தா, ஆண் கருவைச் சுமந்தவங்களுக்குக் கொஞ்சம் கூடுதலா வருதுன்னு சில ஆய்வு சொல்லுது. இரட்டையில அதுவும் தெளிவா இல்லை. அதை வெச்சு உங்க ஒருத்தர் வயித்துக்கு ஜோசியம் பார்க்க முடியாதும்மா" என்றார். இரட்டை என்றாலே நஞ்சுக்கொடிக்கு வேலை அதிகம்; சர்க்கரை ஏற அதுவே போதுமாம். கட்டுக்குள் வைக்காவிட்டால் பிள்ளைகளுக்கு என்னென்ன ஆகலாம் என்றும் சொன்னார். எழுத மனமில்லை.

ஆணா பெண்ணா என்று நான் கேட்கவில்லை. பிறக்கும்வரை கேட்கவும் போவதில்லை.

மார்ச் 15

சாப்பாட்டை மாற்றினேன், நடந்தேன், இறங்கிவிட்டது! வீட்டில்தான் யாரோ செத்துப்போன மாதிரி முகங்கள்.

மார்ச் 24

மறுபடி எகிறியிருக்கிறது. "திருட்டுத் தீனி ஏதாவது?" என்றார் டாக்டர். இல்லை என்றேன். நம்பவில்லை போல. அடுத்த வாரமும் இப்படியே என்றால் இன்சுலின். ஊசிக்குப் பயமில்லை. ஆனால் அந்தப் பார்வை - பொய்க்காரியைப் பார்க்கிற மாதிரி. திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே கேள்வி: நான் எங்கே தப்பு செய்கிறேன்?

மார்ச் 26

நான் வேலை பார்க்கும் நூலகத்தில், திரும்பி வந்த புத்தகங்களின் வண்டிக்குப் பின்னால் நின்று விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தேன். அங்கே பைண்டிங் செய்கிற அக்கா எட்டிப் பார்த்து, "புத்தகத்துல ரத்தம் பட்டா உனக்கும் அபராதம்தான்டி" என்றாள். சிரித்தேன்.

மதியம் சரியாக இருக்கிறது. காலையிலும் சரி. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஏறுகிறது. மதியத்துக்கு நானே கட்டிக்கொண்டு போகிறேன். சில நாளாக ராத்திரிக்கு அத்தையின் காய்கறி சூப். கெட்டியாக, வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு, அவ்வளவு ருசி -

வெறும் காய் எப்படி அவ்வளவு கெட்டியாகும்?

அத்தை ஏன் அதை ஒரு நாளும் குடிப்பதில்லை?

மார்ச் 27

சூப் கிண்ணத்தை அத்தை பக்கம் தள்ளினேன். "இன்னைக்கு நீங்க குடிங்க."

"உனக்குன்னு செஞ்சதை நான் எதுக்கு?"

"வெறும் காய்தானே? ஒரு கிண்ணம் குடிச்சா என்ன ஆயிடும்?"

"ஐயோ, எனக்கு ஏறிடும்டி!"

சொல்லி முடித்த பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டார்.

சூப்பில் சோள மாவு. மசித்த உருளைக்கிழங்கு. தான் விஷம் போல ஒதுக்குகிற இரண்டும். எது ஏற்றும் என்று இந்த வீட்டில் அவரைவிட யாருக்குத் தெரியும்?

"இறங்கிடுச்சுன்னு சொன்னியே... பையனுங்க நிக்கமாட்டாங்களோன்னு பயந்துட்டேன்" என்று அழுதார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"சர்க்கரை இறங்கினா பையன் இறங்கிப் போறதுக்கு இது என்ன பஸ்ஸா? என்ன பிள்ளைன்னு எப்பவோ முடிவாயிடுச்சு. முடிவு பண்ணது என் சர்க்கரை இல்லை அத்தை, உங்க மகன்."

என் கணவர் அப்போதுதான் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "என்னை ஏன் இழுக்கிறே?"

"வேற யாரை இழுக்கச் சொல்றீங்க?"

மறுபடி தட்டுக்குள் குனிந்துகொண்டார். இனி என் சாப்பாட்டை நானே சமைப்பேன், அத்தை எதைக் கொடுத்தாலும் முதல் வாய் அவர் குடித்த பிறகுதான் தொடுவேன் என்று சத்தமாகவே சொன்னேன். இந்த வயிறு என்னுடையது. உள்ளே இருப்பவர்கள் யாராக இருந்தாலும் அவர்களுக்கு இப்போதைக்கு நான்தான் கதவு.

மார்ச் 31

அத்தை பேசுவதில்லை. சூப்பும் இல்லை. ராத்திரியும் சரியாக இருக்கிறது. ஊசி வேண்டாம் என்றார் டாக்டர். "அந்தத் திருட்டுத் தீனி என்னதான்?" என்றார். சூப் என்றேன்.

ஏப்ரல் 19

"என்ன குழந்தையாம்?" என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் "ரெண்டு" என்கிறேன்.

மே 26

இரண்டும் பெண்கள். இரண்டு பேரும் நன்றாக மூச்சு விடுகிறார்கள், இரண்டு பேருக்கும் சர்க்கரை அளவு சரி. எனக்கும் இறங்கிவிட்டது, ஆனாலும் அவ்வப்போது பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். செய்வேன்.

பிறந்த அன்று அத்தை ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. இன்று பிளாஸ்க்கோடு வந்தார். தொட்டிலைக் குனிந்து பார்த்து, "ரெண்டுக்கும் என் மூக்கு" என்றார், ஏதோ புகார் சொல்வது போல.

பிளாஸ்க் மூடியில் சூப்பை ஊற்றினார். அவராகவே ஒரு வாய் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

தண்ணீர் மாதிரி இருந்தது. முழுவதும் குடித்தேன்.