பத்தீனுக்குக் கீழே ஒரு கட்டில்

புவெனஸ் ஐரிஸ்

அன்புள்ள சபேலாவுக்கு,

நீயும் அம்மாவும் சுகந்தானே? மழைக்கு அம்மாவின் இருமல் கூடியதா? இங்கே கடையில் எண்ணெய் நன்றாகத்தான் விற்றது.

போன மாதம் பீப்பாய் ஒன்று உருண்டு என் காலில் ஏறியது. பெரிதாக ஒன்றுமில்லை. நம் ஊர் தெல்மீரோதான் மாடியறைக்குத் தூக்கிப்போனான்.

"யோவ் முதலாளி, உன்னவிட அந்தப் பீப்பாயே லேசுய்யா!" என்று வழியெல்லாம் ஏசினான். மேலே வந்து மூச்சு வாங்கியபடி, "நம்மூர்ல வாசல் கல்படிய ஏன் பத்தீன்னு சொல்றோம் தெரியுமா? சின்ன முற்றம்னு அர்த்தமாம். ஏறி முடிச்சு மேல நிக்கிற இடத்தோட பேருதான் மொத்தப் படிக்கும் ஆகிப்போச்சாம். பாதிரியார் சொன்னாரு" என்றான்.

சரிதான். பத்தீன் என்றால், நான் புறப்பட்ட நாளில் நீ மேலே நின்று கையசைத்ததுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது, ஏறிய படிகள் அல்ல.

கடையை விற்றுவிட்டேன், கப்பல் சீட்டும் வாங்கியாயிற்று. நான் வருவதற்குள், நாம் குடியிருக்கும் மாடிக்குக் கீழே, பத்தீனுக்கு அடியில் கட்டியிருக்கும் பசுவை வேறு கொட்டகைக்கு மாற்று. அந்த இடத்தைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, கட்டில் ஒன்று போடு. அம்மா கேட்டால் சரக்கு வைக்க என்று சொல். இந்தக் கால் இனிப் படி ஏறாதாம்.

தபால் நிலையத்தை மூடப்போகிறார்கள். நான் வரும் நாளில் மேலே நிற்காதே சபேலா, இறங்கி வந்து நில்.

உன் எவரிஸ்தோ