கப்பல் சண்டையும் என் கையெழுத்தும்

பார்க்டேல், ரொறன்ரோ

அன்புள்ள திரேசம்மாவுக்கு,

மாதாவின் காவலில் நீர் சுகமாக இருப்பீர் என்று நம்புகிறேன். முழங்கால் வலி எப்படி? இது நானே என் கையால் எழுதும் கடிதம். மூன்று நாளாக எழுதுகிறேன்!

எழுத்து வகுப்பில் அமெரிக்காவின் பழைய கதை வாசிக்கிறோம். இருநூறு வருடங்களுக்கு முன் பிரான்ஸ் அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்ததாம். சண்டை கடலில், அமெரிக்கா சட்டம் போட்டதோ தன் வீட்டுக்குள். பிறநாட்டாரை விசாரிக்காமலே நாடு கடத்தலாம். அரசைத் திட்டி எழுதினால் சிறை.

"கப்பலைப் பிடிச்சது பிரான்சுக்காரன். பிறகேன், ரீச்சர், எழுதினவனைப் பிடிச்சவை?" என்று கேட்டேன்.

"எழுதப் பழகி ஒரு மாசம், அதுக்குள்ள அங்கிள் மறியல் வீட்டுக்கு வழி கேக்கிறார்!" என்று நிரோஷினி ரீச்சர் சிரித்தார். ஆனால் அப்படிச் சிறைக்குப் போன ஒருவர் உள்ளே இருந்தே தேர்தலில் வென்றாராம்.

எங்கள் கட்டடத்தில் ஹீற்றர் வேலை செய்யவில்லை. எல்லோரும் நகரசபைக்கு மனு எழுதினோம். மருமகன் றூபன் தடுத்தார்.

"மாமா, உங்கட கனடா பேப்பர் இன்னும் வரேல்லை. மாமியை இங்க கூப்பிடுறதும் அதிலதான் இருக்கு. சைன் வைக்காதேங்கோ."

எனக்கும் பயம்தான். ஆனாலும் நேற்று வைத்துவிட்டேன். கைநாட்டு இல்லை, முழுப்பெயர். போனில் கேட்டிருந்தால் நீர் வேண்டாம் என்றிருப்பீர். அதனால்தான் கடிதம்.

ஏசுவதென்றால் நானே வாசிக்கும்படி பெரிய எழுத்தில், நீளமாக எழுதி ஏசும். வேலைக்கு நேரமாகிவிட்டது.

உமது,
செபமாலை